தாவோ நெறியின் நீர்ச்சிந்தனையும் இன்றைய வாழ்வும்

பண்டைச் சீனச் சிந்தனை மரபுகளுள் நீரை முன்மாதிரியாகக் கொண்ட தாவோ நெறி இன்று உலகெங்கும் எடுத்தாளப்படுகின்றது. நீரைப்போல வளைந்துகொடுப்போர் மன அமைதி பெறுவர் என்பதே அதன் சாரமெனத் தொழில் முகாமைப் பயிற்சிகளும் சுயமுன்னேற்ற நூல்களும் விளக்குகின்றன. வளையுமாறு கேட்கப்படுபவர் யார் என்ற வினாவை எழுப்பினால், இவ்விளக்கம் மூலச் சிந்தனையைத் தலைகீழாக்கியிருப்பது புலனாகும்.

லாவோட்சேயின் பெயரால் வழங்கும் ‘தாவோ தே சிங்’ போரிடும் அரசுகள் காலத்துடன் தொடர்புடையது. 1993 இல் ஹூபெய் மாகாணத்துக் குவோடியனில் கல்லறையொன்றிலிருந்து எடுக்கப்பட்ட மூங்கிற் சுவடிகள், அந்நூலின் பகுதிகள் கி.மு. 300 அளவிலேயே எழுத்து வடிவில் வழங்கியமையைக் காட்டின. பெரும்படைகளும் வரிச்சுமையும் குடியானவரை வருத்திய காலம் அது. அத்தகைய சூழலிலேயே, ஆறும் கடலும் தாழ்ந்திருப்பதனால் ஓடைகள் யாவும் அவற்றை நாடி வருகின்றன என்ற உவமை பிறக்கின்றது. அது மக்களை ஆள விரும்புவோனை நோக்கிக் கூறப்பட்டது என்பது மனங்கொளத்தக்கது. மக்களின் பட்டினிக்கு மேலோரின் மிகையான வரியே காரணம் எனவும் அந்நூல் குற்றஞ்சாட்டுகின்றது. ஆகவே, தாழ்மை இங்கு முதன்மையாக அதிகாரமுடையோர்க்கு விதிக்கப்பட்ட கடமையாகும்.

நீரின் இயல்பறிந்து செயற்படுதல் என்பது உழைப்பினூடாகப் பெறப்பட்ட அறிவுமாகும். கி.மு. 3 ஆம் நூற்றாண்டில், சிச்சுவானில் மின் ஆற்றின்மீது சின் அரசின் ஆளுநர் லி பிங் அமைப்பித்த துஜியாங்யான் நீர்ப்பாசனத் திட்டம் இதற்குச் சிறந்த சான்றாகும். அங்கு ஆறு அணையால் மறிக்கப்படவில்லை. கற்கள் நிரப்பிய மூங்கிற் கூடைகளாலான கரையொன்று அதனை இரண்டாகப் பிரித்தது. ஆழமான உட்கிளை வறட்சியில் நீரின் பெரும்பகுதியை வயல்களுக்கு அளிக்க, அகன்ற வெளிக்கிளை வெள்ளத்தின் பெரும்பகுதியை ஏற்றது. ஆண்டுதோறும் மக்கள் வண்டலை அகற்றிக் கரைகளைச் செப்பனிட்டமையாலேயே இத்திட்டம் நீடித்தது. செங்டு சமவெளி இன்றும் இதனாற் பயன்பெறுகின்றது.

எனினும் இதனை இலட்சியமயப்படுத்தல் பொருந்தாது. துஜியாங்யான் தாவோ நெறியினரின் ஆக்கமன்று. அது விளைவித்த உணவு, கி.மு. 221 இல் சீனாவை ஒன்றிணைத்த சின் அரசின் படைபலத்திற்கும் உதவியது. இயற்கையுடன் இசைந்த நுட்பம் மக்களுடன் இசைந்த ஆட்சியை உறுதிசெய்வதில்லை. விளைபயன் எவர் கைக்குச் செல்கின்றது என்பதே தீர்க்கமான வினா.

இவ்வினா இன்றைய சீனாவுக்கும் பொருந்துவதாகும். காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை, வாரத்தில் 6 நாட்கள் உழைக்கும் ‘996’ முறை அங்குள்ள தொழினுட்ப நிறுவனங்கள் பலவற்றிற் பரவியது. அதாவது, வாரத்திற்கு 72 மணித்தியாலங்கள். 2019 இல் கணினி நிரலாளர்கள் இணையத்தில் ஒன்றுதிரண்டு அதனை எதிர்த்தனர். 2021 ஆகஸ்டில் சீன உச்ச மக்கள் நீதிமன்றம் அம்முறை சட்டவிரோதமானதெனத் தெளிவுபடுத்தியது. நடைமுறையில் அது முற்றாக நீங்கிவிடவில்லை. இத்தகைய தொழிலாளியிடம் நீரைப்போல வளையுமாறு கூறுவது, சுமையை இறக்காமல் முதுகை வளைக்கச் சொல்வதற்கு ஒப்பாகும்.

அவ்வாறாயின் அன்றாட வாழ்வில் இச்சிந்தனைக்கு இடமில்லையா? உண்டு. பணிமனையின் மேலாளரும் வகுப்பறையின் ஆசிரியரும் குடும்பத்தின் மூத்தோரும் தம்மிலும் வலுக்குறைந்தோர் பேசுவதற்கு இடமளித்துத் தாழ்ந்து கேட்பதே அதன் முதற் பிரயோகமாகும். வலுக்குறைந்தோர் கற்கவேண்டியது வேறு: மென்மையான நீர் வன்மையான பாறையைத் தேய்ப்பது உண்மையே, ஆனால் அதனைச் செய்வது தனியொரு துளியன்று, ஓயாது ஒன்றுசேர்ந்து வரும் ஓட்டமாகும்.