ஒரு போல்ட் உடைந்தால் ஒரு போகம் போச்சு!

எச்.எம்.டி. என்றதும் பெங்களூர்வாசிகளுக்குக் கைக்கடிகாரம்தான் நினைவுக்கு வரும். அரியானா, பஞ்சாப் விவசாயிகளுக்கோ டிராக்டர்!

செக்கோஸ்லோவாகியாவின் ‘ஜெட்டார்’ தொழில்நுட்பத்துடன் 1971-ல் பிஞ்சோரில் 25 குதிரைசக்தி டிராக்டர் உற்பத்தி தொடங்கியது. 2016-ல் அந்தப் பிரிவை மூட மத்திய அரசு முடிவு செய்தது. பழைய வண்டிகள் மட்டும் இன்னும் வயலில் உழைக்கின்றன.

அவற்றுக்குப் புதுப் பாகம் தேடி அலைய வேண்டும். நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே கிடைப்பதோ சுமார் மூன்று வாரம். ஆகவே என்ஜினைப் பூட்டுவதைவிடக் கழற்றுவதில்தான் மெக்கானிக்கின் கைத்திறமை தெரியும்.

என்ஜின் நன்றாக ஆறிய பிறகே ஹெட்டில் கை வைக்க வேண்டும். ஓரத்து நட்டுகளில் தொடங்கி நடுவை நோக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். அவசரப்பட்டால் ஹெட் கோணிவிடும். துருப்பிடித்த போல்ட்டிடம் முரட்டுப்பலம் செல்லாது. மண்ணெண்ணெய் ஊற்றி ஓர் இரவு விட்டு, மறுநாள் முன்னும் பின்னும் அசைத்தால் இளகி வரும். உடைந்துவிட்டாலோ, துளையிட்டு எடுப்பதற்குள் பொழுது போய்விடும்!

பிஸ்டனை மேலே தள்ளுமுன் லைனர் விளிம்பைத் தடவிப் பார்ப்பது அவசியம். அங்கே தேயாத வரம்பு இருந்தால் சுரண்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் பிஸ்டன் சிக்கி உடையும்.

கனெக்டிங் ராடும் அதன் மூடியும் பிரிக்கக்கூடாத ஜோடி. மாற்றிப் பூட்டினால் பேரிங் போய்விடும், கிராங்க்கும் கெடும். அதனால் கழற்றுமுன்பே இரண்டிலும் ஒரே எண்ணைக் குத்திவைக்கிறார்கள். புஷ் ராடுகளுக்கு எண் தேவையில்லை. பழைய அட்டையில் வரிசையாகத் துளையிட்டுச் செருகிவைத்தால் போதும்.