பறவைக்கு எந்தக் கேமரா? லென்ஸின் வாயைப் பாருங்கள்

வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நின்றால், கூடுகள் எல்லாம் தண்ணீருக்கு நடுவே, நீர்க்கடம்ப மரங்களின் மேல். நத்தைகுத்தி நாரையும் கரண்டிவாயனும் குஞ்சு வளர்க்கும் அந்த மரங்களை நெருங்க வழியில்லை, நெருங்கவும் கூடாது. செல்போனில் எடுத்தால் நாரை ஒரு வெள்ளைப் புள்ளியாக விழும். காட்டுயிர்ப் படக்காரர்கள் தோளில் சுமக்கும் 600 மி.மீ. எஃப்4 லென்ஸ் சுமார் 3 கிலோ எடை, விலை பல லட்சம். இந்த இரண்டுக்கும் நடுவில் சாமானியர் எட்டிப் பிடிக்கக்கூடியது சூப்பர்ஜூம் கேமரா. லென்ஸைக் கழற்றி மாற்ற வேண்டியதில்லை. ஒரே லென்ஸில் ஏரி முழுவதையும் எடுக்கலாம், அடுத்த நொடியே கிளையில் இருக்கும் ஒரு கொக்கையும் எடுக்கலாம்.

வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது ‘எத்தனை எக்ஸ்?’ என்றுதான். 2015இல் வந்த நிக்கான் பி900 கேமராவில் 83 எக்ஸ். 2018இல் வந்த பி1000இல் 125 எக்ஸ். 2025இல் வந்த பி1100இலும் அதே அளவுதான். கேனன் எஸ்எக்ஸ்70இல் 65 எக்ஸ். சோனி ஆர்எக்ஸ்10 மார்க் 4 கேமராவில் வெறும் 25 எக்ஸ். இந்த எண்ணை மட்டும் வைத்து வரிசைப்படுத்தினால் சோனி கடைசி. ஆனால் காட்டுயிர்ப் படம் எடுப்போர் பலர் அதைத்தான் விரும்பி வாங்கினார்கள். ஏன் என்பதற்கு விடை ஒளியியலில் இருக்கிறது.

எக்ஸ் எதைச் சொல்கிறது?

லென்ஸின் மிக நீண்ட குவியத் தூரத்தை மிகக் குறுகிய குவியத் தூரத்தால் வகுத்தால் வருவதுதான் எக்ஸ். பி900 லென்ஸின் உண்மையான குவியத் தூரம் 4.3 முதல் 357 மி.மீ. வரை, வகுத்தால் 83. விளம்பரத்தில் வரும் 2000 மி.மீ. என்பது ‘இணையான’ அளவு. இந்தக் கேமராவின் சென்சார் ஏறக்குறைய 6.2 மி.மீ. அகலமும் 4.6 மி.மீ. உயரமும் கொண்டது. 36க்கு 24 மி.மீ. அளவுள்ள ஃபுல் ஃபிரேம் சென்சாரின் பரப்பில் இது முப்பதில் ஒரு பங்கு. காட்சியின் நடுவில் ஒரு சின்னத் துண்டை மட்டுமே இந்தச் சென்சார் பதிவு செய்கிறது. அதனால்தான் 357 மி.மீ. லென்ஸே 2000 மி.மீ. லென்ஸ் காட்டும் அளவுக்குப் பறவையைப் பெரிதாகக் காட்டுகிறது. சோனியில் இருப்பது ‘ஒரு அங்குல’ சென்சார். பரப்பில் நிக்கானைப் போல நான்கு மடங்கு. அதன் லென்ஸ் உண்மையில் 220 மி.மீ., இணையான அளவில் 600 மி.மீ.

உருவம் பெரிதாவது வேறு, விவரம் கூடுவது வேறு. விவரத்தைத் தீர்மானிப்பது லென்ஸின் வாய், அதாவது ஒளி உள்ளே நுழையும் திறப்பின் விட்டம். முற்றத்தில் மழைக்கு வைத்த அண்டாவில் வாய் அகலமாக இருக்கும் அளவுக்குத்தானே தண்ணீர் சேரும்? ஒளியும் அப்படித்தான். குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் இந்த விட்டம் கிடைத்துவிடும். முழு ஜூமில் பி900க்கு 357ஐ 6.5ஆல் வகுத்தால் 55 மி.மீ. பி1000க்கு 539ஐ 8ஆல் வகுத்தால் 67 மி.மீ. கேனன் எஸ்எக்ஸ்70க்கு 247ஐ 6.5ஆல் வகுத்தால் 38 மி.மீ. சோனிக்கு 220ஐ 4ஆல் வகுத்தால் 55 மி.மீ. ஆக, 83 எக்ஸ் நிக்கானும் 25 எக்ஸ் சோனியும் ஒரே பறவையிடமிருந்து ஒரே அளவு ஒளியைத்தான் வாங்குகின்றன.

இருபது மீட்டரில் ஒரு மீன்கொத்தி

அலகு முதல் வால் வரை 16 செ.மீ. நீளமுள்ள ஒரு சிறிய மீன்கொத்தி 20 மீட்டர் தூரத்தில் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சோனியின் முழு ஜூமில் படத்தின் அகலத்துக்குள் அடங்குவது 120 செ.மீ.; அதில் மீன்கொத்தி 730 பிக்சல் நீளத்துக்கு விழும். பி900இல் அடங்குவது 35 செ.மீ. மட்டுமே. பறவை படத்தின் அகலத்தில் ஏறக்குறைய பாதியை நிரப்பி, 2,100 பிக்சல் நீளத்துக்கு வரும்.

பிக்சல் மூன்று மடங்கு என்பதால் இறகின் நுணுக்கமும் மூன்று மடங்கு தெரியுமா? தெரியாது. ஒளி அலை என்பதால், எவ்வளவு துல்லியமான லென்ஸும் ஒரு புள்ளியைப் புள்ளியாகவே பதிக்க முடியாது. சிறு வட்டமாகப் பரப்பித்தான் பதிக்கும். இதை விளிம்பு விளைவு என்கிறோம். 55 மி.மீ. திறப்பின் வழியாக 20 மீட்டர் தூரத்தில் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய இடைவெளி சுமார் கால் மி.மீ. இந்த எல்லை இரண்டு கேமராக்களுக்கும் ஒன்றே. சோனியில் அந்தக் கால் மி.மீ. ஒரு பிக்சலில் அடங்குகிறது. பி900இல் மூன்று பிக்சலில் பரவுகிறது. நல்ல வெயிலில் பி900 கூடுதல் விவரம் தரும் என்பது உண்மை. அது மூன்று மடங்கை எட்டாது என்பதும் உண்மை. பி1000இன் 3000 மி.மீ. முனையிலோ ஒரு ஒளிப்புள்ளி ஏறக்குறைய எட்டு பிக்சல் அகலத்துக்குப் பரவிவிடும்.

பெரிய விலங்கும் அந்தி வெளிச்சமும்

மீன்கொத்திக்குப் பதில் முதுமலைச் சாலையோரத்தில் ஒரு காட்டெருமை நின்றால் கணக்கு மாறும். அதற்கு 2000 மி.மீ. வேண்டாம், 600 மி.மீ. போதும். சோனிக்கு அங்கே முழு 55 மி.மீ. திறப்பும் கைகொடுக்கும். பி900இல் ஜூமைக் குறைத்து 600 மி.மீ. காட்சிக்கு வந்தால் திறப்பு அதில் பாதிக்கும் கீழே சுருங்கிவிடும்; ஒளி நான்கில் ஒரு பங்குகூடத் தேறாது. விலங்குகள் வெளியே வருவது பெரும்பாலும் விடியலிலும் அந்தியிலும்தான். ஒளி குறைந்தால் கேமரா ஐ.எஸ்.ஓ. எனும் ஒளியுணர்வு அளவை ஏற்றும், ரோமமும் இறகும் புள்ளி புள்ளியாகச் சிதறிப்போகும்.

கேமராவில் நடுக்கத்தைத் தடுக்கும் வசதி இருக்கிறதே என்று தோன்றலாம். அது தடுப்பது நம் கை நடுக்கத்தை மட்டும்தான். பறவையின் அசைவை அது நிறுத்தாது. பறக்கும் ஆலாவுக்கு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ ஷட்டர் வேகம் வேண்டும். ஃபோகஸும் பறவையோடு ஓட வேண்டும். சோனியில் 315 புள்ளிகள் கொண்ட ஃபேஸ் டிடெக்ஷன் ஃபோகஸும், நொடிக்கு 24 படம் எடுக்கும் வேகமும் உண்டு. நிக்கானின் பி வரிசை கான்ட்ராஸ்ட் முறையில் முன்னும் பின்னும் தேடித்தான் ஃபோகஸ் செய்கிறது. உட்கார்ந்த பறவைக்கு அது போதும், பறக்கும் பறவைக்குத் தடுமாறும்.

முழு ஜூமில் பறவையைத் தவறவிடுவதும் சகஜம். நிக்கானில் அதற்கென்றே லென்ஸின் பக்கவாட்டில் ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்திப் பிடித்தால் காட்சி சற்று விரியும். பறவையைக் கண்டுபிடித்து விரலை எடுத்தால் பழைய ஜூமுக்கே திரும்பும். இது விளம்பரத்தில் பெரிதாக வராது, களத்தில் ஓயாமல் பயன்படும்.

எந்தக் கேமராவாலும் வெல்ல முடியாதது காற்று. கோடியக்கரையில் உச்சி வெயிலில் தூரத்துப் பூநாரைக் கூட்டத்தை எடுத்தால், சூடான தரையிலிருந்து எழும் காற்றின் அலைவும் பறவையோடு சேர்ந்தே பெரிதாகும். எக்ஸ் கூடக் கூட அலைவும் கூடும். அதிகாலையில் போவதுதான் இதற்கு மருந்து.

யாருக்கு எது?

ஏரிக்கரையில் நின்று உட்கார்ந்த பறவைகளை அடையாளம் காணவும், பார்த்த பறவைகளைப் பதியும் இ-பேர்ட் தளத்தில் பட்டியலோடு படம் ஏற்றவும் விரும்புகிறவருக்கு பி900 அல்லது அதன் வழிவந்த பி950 பொருத்தம். பி950இல் ரா கோப்பாகவும் பதிவு செய்யலாம். எடை சுமார் 1 கிலோ. உள்ளான்களின் காலில் ஆய்வாளர்கள் மாட்டிய வளையத்திலும் கொடியிலும் இருக்கும் எழுத்தைத் தூரத்திலிருந்தே படிக்க 2000 மி.மீ. பெரிய உதவி. அப்படிப் படித்த ஒரு குறியீடு அந்தப் பறவை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடும். பி1000, பி1100 வாங்குவோர் அவற்றின் 1.4 கிலோ எடைக்கு முக்காலியையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். பறக்கும் பறவை, பாலூட்டிகள், மங்கலான காடு என்றால் சோனி. விலை அதிகம் என்பதால் நம்பகமான பழைய கேமராவாகக் கிடைத்தாலும் யோசிக்கலாம். மலையேறுகிறவருக்கு 610 கிராம் எடையுள்ள கேனன் சுமையே தெரியாது. ஆனால் முழு ஜூமில் அது வாங்கும் ஒளி, பி900உம் சோனியும் வாங்குவதில் ஏறக்குறைய பாதிதான்.

எதை வாங்கினாலும், தூரத்தைக் குறைக்கும் வேலையை லென்ஸிடமே விட்டுவிடுங்கள். கூட்டை நெருங்கினால் தாய்ப்பறவை எழுந்து போகும். அந்த நேரத்தில் வெயிலும் காகமும் முட்டையைப் பதம்பார்த்துவிடும். எந்தப் படமும் அந்த இழப்புக்கு ஈடாகாது.

கடைக்குப் போகும்போது லென்ஸின் முன்வளையத்தைப் படியுங்கள். உண்மையான குவியத் தூரமும் எஃப் எண்ணும் அங்கே அச்சிடப்பட்டிருக்கும். வகுத்தால் லென்ஸின் வாய் தெரிந்துவிடும். மாலை ஐந்து மணிக்கு மேல் போவது நல்லது. வாசலுக்கு வந்து, எதிர்க் கட்டடத்தில் உட்கார்ந்திருக்கும் காகத்தை முழு ஜூமில் எடுத்து, திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். கறுப்பு இறகு தனித்தனியாகத் தெரிந்தால் அந்தக் கேமரா உங்களுக்கு உழைக்கும். எல்லாம் ஒரே கறுப்புத் திட்டாக அப்பிக் கிடந்தால், எத்தனை எக்ஸ் போட்டிருந்தாலும் அடுத்த மாடலைக் காட்டச் சொல்லுங்கள்.