கிண்ணக் கனவும் சம்பளப் பாக்கியும்: பினாங்குக் காற்பந்தின் கணக்கு

பினாங்குக் காற்பந்து ரசிகர்கள் ஜோர்ஜ் டவுன் நகர அரங்கில் ஆட்டம் முடிந்து நாசி கண்டார் கடைகளில் கூடும்போது, அன்றைய ஆட்டத்தை விட்டுவிட்டுப் பெரும்பாலும் மூன்று கேள்விகளுக்கே திரும்புகின்றனர். குழுவுக்கு ஆட்டக்காரர்களை எங்கிருந்து சேர்ப்பது என்பது ஒன்று. சேர்க்கப்பட்டவர்களுக்கு மாதச் சம்பளமும் சேமநிதியும் ஒழுங்காகப் போய்ச் சேர்கின்றனவா என்பது இன்னொன்று. பருவத்தின் முடிவில் வாகையரை எந்த முறையால் தேர்ந்தெடுப்பது என்பது மூன்றாவது. மூன்றும் தனித்தனிக் கேள்விகளாகத் தோன்றினாலும், மலேசியக் காற்பந்தின் நூறாண்டு வரலாற்றைப் பின்தொடர்பவர்களுக்கு அவை ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தவை என்பது விளங்கும். கிண்ணப் போட்டியின் அமைப்புதான் ஆட்சேர்ப்பின் போக்கைத் தீர்மானித்தது. அந்த ஆட்சேர்ப்பின் செலவே, காலப்போக்கில், சம்பளப் பாக்கியாக ஆட்டக்காரரின் தலையில் வந்து விழுந்தது.

எச்.எம்.எஸ். மலாயா என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பணியாளர்கள் வழங்கிய கிண்ணத்துக்காக 1921இல் தொடங்கிய மலாயாக் கிண்ணப் போட்டி, 1967இல் மலேசியக் கிண்ணம் என்று பெயர் மாறியது. மாநிலத்துக்கு ஒரு குழு என்பதே அதன் அடிப்படை. தொடக்க காலத்தில் வடக்கு, தெற்கு என்று இரு பிரிவுகளில் ஆட்டங்கள் நடந்து, பிரிவுகளின் முதல்வர்கள் இறுதி ஆட்டத்தில் மோதினர். பினாங்கு இக்கிண்ணத்தை 1953, 1954, 1958, 1974 ஆகிய நான்கு ஆண்டுகளில் வென்றது. 1977 இறுதி ஆட்டத்தில் சிங்கப்பூரிடம் மூன்றுக்கு இரண்டு என்ற கோல் கணக்கில் தோற்றது. அதற்குப் பிறகு அக்கிண்ணம் தீவுக்குத் திரும்பவே இல்லை. மாநிலத்தின் மானம் ஒரே இரவில், ஒரே ஆட்டத்தில் தீர்மானிக்கப்படும் என்ற எண்ணம் மூன்று தலைமுறை ரசிகர்களிடம் ஊறிப்போனதற்கு இந்த அமைப்பே காரணம்.

இதற்கு மாறான முறை லீக். எல்லாக் குழுக்களும் ஒன்றோடொன்று ஆடி, புள்ளிகளைச் சேர்த்து, அதிகப் புள்ளி பெற்ற குழு வாகை சூடுவது அம்முறை. மலேசியாவில் 1979இல் லீக் வந்தபோதும், அது மலேசியக் கிண்ணத்துக்குத் தகுதி பெறும் சுற்றாகவே கருதப்பட்டது. முதல் நான்கு இடங்களைப் பிடித்த குழுக்கள் அரையிறுதிக்குச் சென்றன. பட்டியலில் முதலிடம் பெறுவதற்கென்று தனிக் கிண்ணம் 1982இல்தான் வழங்கப்பட்டது, அதை முதன்முதலாக வென்ற குழு பினாங்கு. பின்னர் 1998இலும் 2001இலும் லீக் பட்டம் பினாங்குக்கு வந்தது, 2002இல் எஃப்.ஏ. கிண்ணமும் வந்தது. ஆயினும் பழைய ரசிகர்களின் பேச்சில் 1982ஐவிட 1974க்கே இடம் அதிகம். நீண்ட பருவம் முழுவதும் தொடர்ந்து வெல்வது அரிய சாதனைதான். என்றாலும் ஒரே இரவின் வெற்றி நினைவில் நிற்பதைப்போல் அது நிற்பதில்லை.

வெளியேற்று முறையின் கவர்ச்சி மலேசியாவுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் பல்கலைக்கழக மாணவர் குழுக்கள் ஆடும் அமெரிக்கக் காற்பந்து, அதாவது தலைக்கவசம் அணிந்து நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம், பல பத்தாண்டுகள் வாகையரைக் கருத்துக் கணிப்பால் தேர்ந்தெடுத்தது. 2014ஆம் ஆண்டுப் பருவத்தில் நான்கு குழுக்கள் மோதும் இறுதிச் சுற்று வந்தது. அந்த நால்வரைத் தேர்ந்தெடுத்தது ஒரு தேர்வுக் குழு. 2023இல் ஓர் ஆட்டத்திலும் தோற்காத ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம், முதன்மை ஆட்டக்காரர் காயமடைந்திருந்த நிலையில், அந்த நால்வரில் சேர்க்கப்படாமல் விடப்பட்டபோது ரசிகர்கள் கொதித்தெழுந்தனர். அடுத்த ஆண்டே இறுதிச் சுற்று பன்னிரண்டு குழுக்களுக்கு விரிந்தது. இரண்டு ஆட்டங்களில் தோற்றிருந்த ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகம் அதில் வாகை சூடியது. மலேசியாவில் இதற்கு இணையாக 2021ஐச் சொல்லலாம். 2014 முதல் லீக் பட்டத்தைக் கைவிடாமல் வைத்திருக்கும் ஜொகூர் டாருல் தாக்சிம் குழுவை, லீக் பட்டியலின் நடுவில் முடித்த கோலாலம்பூர் சிட்டி குழு மலேசியக் கிண்ண இறுதியில் இரண்டுக்குச் சுழியம் என்று வீழ்த்தியது. பண பலத்தில் எட்ட முடியாத குழுவை ஒரு நாள் வெல்லலாம் என்ற நம்பிக்கையை வெளியேற்று முறை தருகிறது. அந்த நம்பிக்கைதான் பல மாநில நிர்வாகங்களைத் தாங்க முடியாத செலவுக்குத் தள்ளியது என்பதையும் உடன் சொல்லியாக வேண்டும்.

1970களின் பினாங்குக் குழுவுக்கு ஆட்சேர்ப்பு பெரிய செலவாக இருக்கவில்லை. ஷாஹாருடின் அப்துல்லா, நாமாட் அப்துல்லா சகோதரர்களும், இசா பக்கார், அலி பக்கார் சகோதரர்களும் ஒரே காலத்தில் அக்குழுவுக்கு ஆடினர். எம். சந்திரன் தலைமையில் 1972இல் மியூனிக் ஒலிம்பிக்குக்குச் சென்று அமெரிக்காவை மூன்றுக்குச் சுழியம் என்று வென்ற மலேசியக் குழுவிலும் பினாங்கு ஆட்டக்காரர்கள் இடம்பெற்றிருந்தனர். அக்காலத்து ஆட்டக்காரர் பகலில் அரசுத் துறையிலோ வங்கியிலோ வேலை பார்த்து, மாலையில் பயிற்சிக்கு வந்தவர். காலில் அடிபட்டால் ஆட்டம் போகும், வேலை போகாது. 1989இல் லீக் அரைத் தொழில்முறைக்கு மாறி, அதாவது ஆட்டக்காரர் வேறு வேலையும் பார்த்துக்கொண்டு ஆட்டத்துக்கும் ஊதியம் பெறும் நிலைக்கு வந்து, வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கும் கதவு திறந்தது. 1994இல் அது முழுத் தொழில்முறையானது. அந்த மாற்றத்தின் அதிர்ச்சி உடனே தெரிந்தது: ஆட்டங்களின் முடிவைச் சூதாடிகளுக்கு விற்ற ஊழல் அம்பலமாகி, 126 பேர் விசாரிக்கப்பட்டு, 58 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டு, ஆட்டக்காரர்களும் பயிற்றுநர்களுமாக 21 பேர் நீக்கப்பட்டனர். ஒரு குறுகிய வாழ்க்கைத் தொழிலை நம்பி வேறு வேலையை விட்டவர்களுக்கு அந்தத் தொழில் பாதுகாப்புத் தராதபோது இத்தகைய வலையில் சிலர் விழுவது எதிர்பாராததன்று. அது குற்றத்தை நியாயப்படுத்தாவிட்டாலும், காரணத்தைக் காட்டுகிறது.

சகோதரர்கள் சேர்ந்து ஆடிய அக்காலத்தைப் போற்றுவதால், வெளிமாநில ஆட்டக்காரரைச் சேர்ப்பது தவறு என்று பொருளில்லை. உலகம் பினாங்கைக் கண்ட நாள் அப்படி வந்த ஒருவரால்தான் கிடைத்தது. கெடாவைச் சேர்ந்த முகமட் ஃபாயிஸ் சுப்ரி, 2016 பிப்ரவரி 16 அன்று நகர அரங்கில் பஹாங்குக்கு எதிராக அடித்த தனி உதை, காற்றில் ஒரு பக்கம் போய் மறுபக்கம் திரும்பி வலைக்குள் விழுந்தது. ஆண்டின் சிறந்த கோலுக்கான ஃபிஃபாவின் புஸ்காஸ் விருதை 59.46 விழுக்காட்டு ரசிகர் வாக்குகளுடன் அது பெற்றது. ஆசியர் ஒருவர் அவ்விருதைப் பெற்றது அதுவே முதன்முறை.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஆட்சேர்ப்பு அவசரமாகும்போது மூலம் ஆராயப்படுவதில்லை. வெளிநாட்டில் பிறந்த ஒருவர் மலேசியத் தேசியக் குழுவுக்கு ஆட வேண்டுமானால், பெற்றோரில் அல்லது பாட்டன் பாட்டியரில் ஒருவராவது மலேசியாவில் பிறந்திருப்பது ஃபிஃபா ஏற்கும் தகுதிகளுள் ஒன்று; அதற்குச் சான்று பிறப்பு ஆவணம். 2025 ஜூனில் வியட்நாமை நான்குக்குச் சுழியம் என்று வென்ற மலேசியக் குழுவில் ஆடிய, வெளிநாட்டில் பிறந்து குடியுரிமை பெற்ற ஏழு ஆட்டக்காரர்களின் ஆவணங்கள் போலியானவை என்று ஃபிஃபாவின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு அதே ஆண்டு செப்டம்பரில் தீர்ப்பளித்து, எழுவருக்கும் பன்னிரண்டு மாதத் தடையும், மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கு 3,50,000 சுவிஸ் பிராங்க் அபராதமும் விதித்தது. நவம்பரில் மேல்முறையீட்டுக் குழு அத்தீர்ப்பை உறுதி செய்தது. சங்கம் வழக்கை விளையாட்டு நடுவர் மன்றத்துக்குக் கொண்டு சென்றது. பினாங்கு ரசிகர்களை இவ்வழக்கு தனியாக உறுத்தியதற்குக் காரணம் உண்டு. சமர்ப்பிக்கப்பட்ட தாள்களில் சில, ஆட்டக்காரர்களின் முன்னோர் பினாங்கில் பிறந்ததாகக் காட்டின. அர்ஜென்டினாவில் கிடைத்த மூலப் பதிவுகளோ அவர்கள் அந்நாட்டிலேயே பிறந்ததைக் காட்டின. தீவில் உண்மையாகவே பிறந்து பள்ளித் திடலில் பந்து உதைக்கும் பிள்ளைகளுக்கு இடமில்லாதபோது, தாளில் மட்டும் தீவில் பிறந்தவர்களுக்கு இடம் கிடைத்தது என்பதை ரசிகர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள்.

உள்ளூர்ப் பிள்ளைகளை வளர்க்கும் வழிகள் இல்லாமலில்லை. 1996இல் தொடங்கிய புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளியும், பஹாங்கின் கம்பாங்கில் மொக்தார் டஹாரி பெயரில் இயங்கும் கழகமும், பதின்மூன்று வயதையொட்டிய சிறுவர்களை நாடெங்கிலுமிருந்து தேர்ந்தெடுத்துத் தங்கவைத்துப் பயிற்றுகின்றன. பல்கலைக்கழகங்களும் முயன்றன. யூ.ஐ.டி.எம். பல்கலைக்கழகக் குழு 2017இல் இரண்டாம் நிலையான பிரீமியர் லீகுக்கு வந்து, 2020, 2021 பருவங்களில் உச்சநிலையான சூப்பர் லீகிலேயே ஆடியது. மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கத்தின் குழுவும் அதே 2017இல் பிரீமியர் லீகுக்கு வந்து, பின்னர் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீகுக்கு உயர்ந்து, தன் கடைசிப் பருவங்களில் வெளிநாட்டவர் எவரும் இல்லாமல் முழுக்க உள்நாட்டு ஆட்டக்காரர்களைக் கொண்டே ஆடியது. இவ்விரண்டு குழுக்களும் இன்று சூப்பர் லீகில் இல்லை. ஆட்டக்காரரை உருவாக்கும் நிறுவனங்கள் போட்டியிலிருந்து உதிர்வதும், விலைக்கு வாங்கும் நிறுவனங்கள் நிலைப்பதும் இந்நாட்டுக் காற்பந்தின் கவனிக்கத்தக்க முரண்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கதை இதற்கு நேர் எதிர்த் திசையில் போயிற்று. அங்கே மாணவர் ஆட்டத்தால் கோடிக்கணக்கில் வருமானம் கண்ட பல்கலைக்கழகங்கள், ஆட்டக்காரருக்கு உதவித்தொகையைத் தவிர எதுவும் தரக்கூடாது என்ற விதியை நெடுங்காலம் காத்தன. 2021 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு மனதாக அந்த விதியின் ஒரு பகுதியைத் தகர்த்தது. அடுத்த மாதமே மாணவர்கள் தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்கு விற்க அனுமதி வந்தது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஓர் உடன்பாட்டின்படி, ஒரு பல்கலைக்கழகம் முதல் ஆண்டில் ஏறத்தாழ 2.05 கோடி டாலர் வரை தன் விளையாட்டாளர்களுக்கு நேரடியாகப் பகிரலாம் என்றானது. அங்கு பணம் இருந்தும் கொடுக்கவில்லை என்பது வழக்கு. மலேசியாவில் இல்லாத பணத்தைக் கொடுப்பதாக ஒப்பந்தம் எழுதப்படுவதே வழக்கு.

அந்த ஒப்பந்தம் மீறப்படும்போது ஆட்டக்காரருக்கு என்ன வழி என்பதை ரசிகர்களில் பலர் அறிவதில்லை. ஃபிஃபாவின் 2018ஆம் ஆண்டு விதித் திருத்தத்தின்படி, இரண்டு மாதச் சம்பளம் சட்டப்புறம்பாக நிலுவையில் இருந்தால், குழுவுக்குப் பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து எழுத்து மூலம் அறிவித்தபின், ஆட்டக்காரர் நியாயமான காரணத்துடன் ஒப்பந்தத்தை முறிக்கலாம். மலேசியத் தொழில்முறைக் காற்பந்து ஆட்டக்காரர் சங்கம் இத்தகைய வழக்குகளில் அவர்களுக்குத் துணை நிற்கிறது. ஆயினும் முறித்துக்கொண்டு எங்கே போவது என்பது அடுத்த கேள்வி. புதிய ஆட்டக்காரரைப் பதிவு செய்யும் காலம் முடிந்துவிட்டால் பருவம் முழுவதும் வேலையில்லை. ஊழியர் சேமநிதிக்கும் சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு அமைப்புக்கும் கட்டப்படாத பங்கு, மாதச் சம்பளத்தைப்போல் உடனே கண்ணில் படுவதுமில்லை; காயம்பட்டு மருத்துவமனையில் படுத்தபின்னரோ ஓய்வு பெற்ற பின்னரோதான் அது தெரியவரும்.

இந்நிலையில் வாகையரையும் வெளியேறுபவரையும் தீர்மானிக்கும் முறையே உள்ளுக்குள் மாறிவிட்டது. குழுக்களின் நிதிநிலையை ஆராய்ந்து பருவத்துக்கு முன் வழங்கப்படும் உரிமம், லீகில் ஆடுவதற்குக் கட்டாயம். 2020இல் பிரீமியர் லீக் வாகையராக உயர்ந்து, 2021இல் சூப்பர் லீகில் மூன்றாவதாக முடித்த பினாங்கு, 2022இல் கடைசி இடத்துக்கு விழுந்தது. வழக்கமான விதிப்படி அது கீழே இறங்கியிருக்க வேண்டும். ஆனால் அந்த ஆண்டோடு பிரீமியர் லீக் நிறுத்தப்பட்டு, சூப்பர் லீக் விரிக்கப்பட்டதால் பினாங்கு தங்கியது. உரிமம் மறுக்கப்பட்ட மலாக்கா யுனைடெட்டும் சரவாக் யுனைடெட்டும் வெளியேறின. 2025இல் இது இன்னும் வெளிப்படையாயிற்று. ஏப்ரலில் மலேசியக் கிண்ண இறுதியில் ஜொகூரிடம் இரண்டுக்கு ஒன்று என்று தோற்ற ஸ்ரீ பஹாங், சில வாரங்களிலேயே லீகிலிருந்து விலகியது. கிண்ணத்தை ஏந்திய பெருமை கொண்ட மாநிலங்களின் குழுக்களான பேராக்கும் கெடாவும் அடுத்த பருவத்தில் இல்லை. முன்னது விலகியது, பின்னதற்கு உரிமம் கிடைக்கவில்லை. இவற்றில் எதையும் புள்ளிப் பட்டியல் வெளியேற்றவில்லை.

எனவே பினாங்கு ரசிகர்கள் இப்போது கேட்கத் தொடங்கியிருக்கும் கேள்விகள் முன்பு கேட்காதவை. அரங்கின் இருக்கைகளில் எத்தனை நிரம்புகின்றன, நுழைவுச்சீட்டு வருமானத்தால் எத்தனை ஆட்டக்காரரின் சம்பளத்தைக் கட்ட முடியும், மாநில அரசின் மானியமும் ஆதரவாளர் பணமும் அடுத்த பருவத்துக்கும் உறுதியா, இருபது வயதுக்குட்பட்டோர் குழுவிலிருந்து முதன்மைக் குழுவுக்கு இந்த ஆண்டு எத்தனை பேர் உயர்த்தப்பட்டனர் என்று விசாரிப்போர் பெருகியிருக்கின்றனர். புதிய வெளிநாட்டு முன்கள ஆட்டக்காரரின் பெயர் அறிவிக்கப்பட்டதும் அவர் முன்பு எத்தனை கோல் அடித்தார் என்பதோடு, அவரது ஒப்பந்தம் எத்தனை மாதத்துக்கு, அதைக் கொடுக்கப்போவது யார் என்பதும் கடைப் பேச்சில் விவாதிக்கப்படுகின்றன.