லாக்கப்பில் அடி விழுந்தால் வாய் திறப்பது ஆண் போலீசா, பெண் போலீசா?

வத்தலக்குண்டு,

லாக்கப்பில் ஒருவருக்கு அடி விழுகிறது. புதிதாகக் காக்கி போட்டவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார். வெளியே சொல்வாரா? "நமக்கேன் வம்பு" என்று இருந்துவிடுவாரா? இதில் ஆணும் பெண்ணும் ஒன்றுதானா?

போலீஸ் பிடியில் சிக்கியவர் கதை வத்தலக்குண்டுக்குப் புதிதல்ல. 1884-ல் இங்கே பிறந்தவர் சுப்பிரமணிய சிவா. தூத்துக்குடியில் மேடையேறிப் பேசியவர் 1908-ல் கைதானார். ஜெயிலில் தொழுநோய் பற்றியது.

அதே தூத்துக்குடிப் பக்கம்தான் சாத்தான்குளமும்.

கடை மூடவில்லையாம்!

2020 ஜூன் 19. ஊரடங்கில் கடை மூடவில்லை என்று வியாபாரி ஜெயராஜைப் போலீசார் கொண்டுபோனார்கள். கேட்கப் போன மகன் பென்னிக்சும் சிக்கினார். 22-ந் தேதி மகன் சாவு. 23-ந் தேதி தந்தை சாவு. தமிழ்நாடே கொதித்தது.

பெண் ஏட்டு சாட்சி

ஐகோர்ட்டு மதுரைக் கிளை தானாகவே வழக்கைக் கையில் எடுத்தது. கோவில்பட்டி மாஜிஸ்திரேட் பாரதிதாசன் நேரே ஸ்டேஷனுக்குப் போனார்.

சம்பவ இரவில் டூட்டி பார்த்த பெண் ஏட்டு ரேவதி வாய் திறந்தார். விடிய விடிய அடித்தார்கள், லத்தியிலும் மேஜையிலும் ரத்தக்கறை என்று வாக்குமூலம் கொடுத்தார்.

கையெழுத்துப் போட மட்டும் தயங்கினார். பயம்! தைரியம் சொன்ன பிறகே போட்டார். அவருக்குப் பாதுகாப்பு கொடுக்க ஐகோர்ட்டு உத்தரவிட்டது. சி.பி.ஐ. 9 போலீசார் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. மதுரை கோர்ட்டில் ரேவதி கூண்டேறிச் சாட்சி சொன்னார்.

120 பேரில் ஒரு பெண்கூட இல்லை

அமெரிக்காவிலும் இப்படி ஒரு கணக்கு உண்டு. 1991-ல் ரோட்னி கிங் என்பவரைப் போலீசார் அடித்து நொறுக்கியதையடுத்து, லாஸ் ஏஞ்சல்ஸ் போலீசை கிறிஸ்டோபர் கமிஷன் ஆராய்ந்தது. அதிகமாகக் கை ஓங்கியதாகப் பதிவான 120 பேரைப் பட்டியல் எடுத்தார்கள். அத்தனை பேரும் ஆண்கள்!

அதற்காக, பெண் போலீஸ் அடிக்கவே மாட்டார் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. ஸ்டேஷன் பழக்கம் யாரையும் மாற்றிவிடும்.

7 ஆண்டு ஜெயில்

தமிழகத்தில் பெண்கள் போலீசில் சேர்ந்தது 1973-ல். ஒரு சப்-இன்ஸ்பெக்டர், ஒரு ஏட்டு, 20 காவலர்கள், அவ்வளவுதான். பிறகு ஆயிரக்கணக்கில் வந்துவிட்டார்கள்.

குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்க அடித்தால் 7 ஆண்டு வரை ஜெயில். படுகாயம் என்றால் 10 ஆண்டு வரை. சட்டம் இப்படிச் சொல்கிறது. ஸ்டேஷனில் மேலதிகாரி வேறு மாதிரி சொன்னால் புதுசா வந்த பிள்ளை என்ன செய்யும்?

ரேவதிக்கு ஒரு மாஜிஸ்திரேட் பக்கத்தில் நின்றார். ஆணோ பெண்ணோ, உண்மை சொல்பவருக்கு அப்படி ஒருவர் வேண்டும். இல்லாவிட்டால் கடைக்காரர் கதி அதோ கதிதான்!