வட்டி தெரிந்தது, வியாபாரம் தெரியவில்லை

கத்தரிக்காய் வாங்கும்போது காம்பைத் திருப்பிப் பார்க்கிற, புடவை எடுக்கும்போது முந்தானையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற நம்மவர்கள், ஆயுட்காலச் சம்பாத்தியத்தை ஒருவரிடம் ஒப்படைக்கும் சமயத்தில் மாத்திரம் "வட்டி எவ்வளவு?" என்ற ஒரே கேள்வியோடு திருப்தியடைந்து விடுகிறார்கள். அந்த வட்டியை ஈட்டித் தரப்போகிற தொழில் எது, அதன் சரக்கை வாங்குகிறவர் யார் என்று விசாரிப்பவர் சொற்பம். இந்த அசிரத்தைக்குத் தமிழ்நாடு இரண்டு முறை கொடுத்த பெரிய விலையை நினைவூட்டுவது இன்றும் அவசியமாகவே இருக்கிறது.

முதலாவது, சென்னையில் 1906-ஆம் வருஷம் நிகழ்ந்த அர்பத்நாட் கம்பெனியின் வீழ்ச்சி. பாரி, பின்னி ஆகியவற்றோடு சேர்த்து எண்ணப்பட்ட பிரபலமான வெள்ளைக்கார ஸ்தாபனம் அது. அதன் தலைவர் சர் பட்டம் பெற்ற பிரமுகர். பென்ஷன் வாங்கிய உத்தியோகஸ்தர்களும், வக்கீல்களும், கணவனை இழந்த பெண்களும் அந்தக் கௌரவத்தையே ஈடாகக் கருதித் தங்கள் பணத்தை அங்கே போட்டு வைத்தார்கள். அந்தப் பணமோ லண்டனிலிருந்த கூட்டாளியான மக்ஃபாடியன் என்பவரின் ஊக வியாபாரத்தில் கரைந்துகொண்டிருந்தது. அவர் உயிரை மாய்த்துக்கொண்ட செய்தியைத் தொடர்ந்து, அக்டோபர் 22-ஆம் தேதி சென்னையிலும் கதவடைக்கப்பட்டது. சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் தண்டனை கிடைத்ததென்னவோ உண்மை; ஆனால் தண்டனையால் முதல் திரும்பி வந்துவிடுமா? அந்த இடிபாட்டிலிருந்து பிறந்த நன்மை ஒன்று உண்டு: வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோரின் முயற்சியால் 1907-இல் இந்தியன் வங்கி தோன்றியது.

கடல் கடந்து நடந்த விவகாரத்தைச் சென்னையில் இருந்தவர் எப்படி அறிவார் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு பெருந்துறைப் பக்கத்தில் நடந்த ஈமு கோழி விவகாரத்தில், முதலீடு செய்தவன் வீட்டுத் தோட்டத்திலேயே சரக்கு உயிரோடு உலாவிக்கொண்டிருந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த, ஆள் உயரம் வளரும், பறக்க முடியாத பறவை. கரும்பச்சை நிறத்தில் முட்டையிடும். இறைச்சி, எண்ணெய், தோல், இறகு எல்லாமே காசு என்றார்கள். ஒன்றரை லட்சம் ரூபாய் கட்டினால் ஆறு குஞ்சுகளும் தீவனமும் கொடுத்து, மாதம் 6,000 ரூபாயும் வருஷத்துக்கு 20,000 ரூபாய் போனஸும் வழங்கி, இரண்டு வருஷ முடிவில் கட்டிய தொகையையும் திருப்பித் தருவோம் என்பது விளம்பரங்களில் பரவலாக வந்த திட்டம். விவசாயிகள் கொட்டகை போட்டு, வேளை தவறாமல் தீவனம் வைத்து, பணத்தோடு உழைப்பையும் கொடுத்தார்கள்.

அன்று யாராவது ஒரு காகிதத் துண்டில் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தால் விஷயம் விளங்கியிருக்கும். வருஷத்துக்கு 92,000 வீதம் இரண்டு வருஷத்துக்கு 1,84,000 ரூபாய். அதாவது ஒவ்வொரு பறவையும், தீவனச் செலவும் மருந்துச் செலவும் போக, 30,000 ரூபாய்க்கு மேல் ஈட்டியாக வேண்டும். ஈரோட்டிலோ கோயமுத்தூரிலோ அந்த விலைக்கு ஈடாகும்படி ஈமு இறைச்சியை வாங்கிச் சமைத்த குடும்பங்கள் எத்தனை? வளர்ந்த பறவைக்குச் சந்தை இல்லை. குஞ்சுக்கு மாத்திரமே கிராக்கி, அதை வாங்கியவரும் அடுத்து வந்த முதலீட்டாளரே. புதிதாகச் சேர்ந்தவரின் பணம் பழையவருக்கு மாதப்படியாகப் போய்க்கொண்டிருந்தது; 2012-இல் வரவு நின்றதும் கம்பெனிகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. பட்டினி கிடந்த பறவைகளுக்குத் தீவனம் போட அரசாங்கத்தின் கால்நடைத் துறை வர நேர்ந்தது.

கண்ணால் பார்ப்பது வேறு, தொழிலை அறிவது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான அத்தாட்சி வேண்டியதில்லை. சென்னைக்காரர் மனிதரின் கௌரவத்தைப் பார்த்தார். கொங்குநாட்டு விவசாயி பறவையைப் பார்த்தார். முடிவில் காசு கொடுக்கிற வாடிக்கைக்காரன் எங்கே என்று இருவரும் பார்க்கவில்லை. மாதாமாதம் ஒழுங்காக வந்த தொகையே தொழிலின் நாணயத்துக்கு ருசு என்று நம்பினார்கள். அது தங்கள் முதலின் ஒரு பகுதியாகவே இருக்கலாம் என்ற சந்தேகம் எழவில்லை.

சட்டம் துணைக்கு இல்லாமலில்லை. முதலீட்டாளர் நலன் காக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 1997-இலேயே பிறந்துவிட்டது; சொத்துக்களை முடக்கி ஏலம் விட்டுப் பங்கிட அது வழி செய்கிறது. ஆனால் ஏலத்தில் வருவது எஞ்சிய சொத்தின் மதிப்பே தவிர, போட்ட முதல் அல்ல. வங்கி டெபாசிட்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை இன்ஷூரன்ஸ் உண்டு. அந்தப் பாதுகாப்பு ஈமு பண்ணைக்குக் கிடையாது.

ஆகவே, பணம் கேட்டு வருகிறவர் உறவினரே ஆனாலும், மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: பொருளைக் கடைசியில் விலை கொடுத்து வாங்குகிறவர் யார், புதிய ஆள் ஒருவர்கூடச் சேராவிட்டாலும் இந்த வருமானம் வருமா, நடுவில் முதலைத் திருப்பிக் கேட்டால் எத்தனை நாளில், யார் கையெழுத்தில் கிடைக்கும். கேட்ட பதிலை வீட்டிலுள்ளவர்களுக்கு உங்கள் சொந்த வார்த்தையில் எடுத்துச் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடியவில்லையென்றால், வட்டி எத்தனை சதவீதமானாலும், கையெழுத்துப் போடாதீர்கள்.