ஆற்று மீன் பிடிப்பில் இந்தியா முதலிடம்
சீனா பின்தங்கியது எப்படி?

பெங்களூர் ரசல் மார்க்கெட்டில் "ஏரி மீன்" என்று கேட்டு நாம் வாங்கிவரும் ரோகு, கட்லாவில் பல, ஏரியைக் கண்டதே இல்லை. ஆந்திராவில் கொல்லேறு பக்கம் வெட்டிய பண்ணைக் குட்டைகளில் தவிடும் புண்ணாக்கும் தின்று வளர்ந்து, ஐஸ் பெட்டியில் லாரி ஏறி வந்தவை அவை.

வளர்த்த மீன் வேறு. ஆறு, ஏரி, நீர்த்தேக்கங்களில் வலை வீசிப் பிடிக்கும் மீன் வேறு. இந்த இரண்டாவது வகையில் உலகிலேயே முதலிடம் வகிப்பது நமது இந்தியா என்றால் பலருக்கு வியப்பாக இருக்கும்.

ஐ.நா. உணவு, விவசாய நிறுவனத்தின் கணக்குப்படி 2022-ம் ஆண்டில் உலகில் பிடிக்கப்பட்ட நன்னீர் மீன் 113 லட்சம் டன். இதில் இந்தியா 19 லட்சம் டன், வங்காள தேசம் 13 லட்சம், சீனா 12 லட்சம், மியான்மர் 9 லட்சம், இந்தோனேசியா 5 லட்சம் டன்.

வலையைச் சுருட்டிய சீனா

1980-களின் நடுவிலிருந்து சீனாதான் முதலிடத்தில் இருந்தது. 2017-ல் கூட அது பிடித்தது சுமார் 22 லட்சம் டன். பிறகு யாங்சி ஆற்றில் மீன் வளம் வற்றுவதைக் கண்டு, வலையைச் சுருட்டச் சொல்லிவிட்டது அரசு. 2021 ஜனவரி 1 முதல் அங்கு 10 ஆண்டுத் தடை. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட படகுகள் கரையேறின. இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட மீனவர்கள் வேறு பிழைப்புக்கு மாற்றப்பட்டனர். ஆயினும் அந்த ஆற்றுக்கே உரிய துடுப்பு மீனைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த இனம் அற்றுவிட்டதாக 2022-ல் அறிவிக்கப்பட்டது.

ஆகவே நமது முதலிடத்தில் பாதி, சீனா விட்டுக்கொடுத்தது என்றே சொல்ல வேண்டும்.

தலைக்கு எத்தனை கிலோ?

மக்கள் தொகையால் வகுத்துப் பார்த்தால் கணக்கே மாறிவிடுகிறது. இந்தியருக்குத் தலைக்கு ஆண்டுக்கு ஒன்றரை கிலோ கூட இல்லை. வங்காள தேசத்தில் ஏழு கிலோவுக்கு மேல். சின்னஞ்சிறு கம்போடியாவிலோ இருபது கிலோவைத் தாண்டுகிறது!

அதற்குக் காரணம் டோன்லே சாப் என்ற ஏரி. மழைக்காலத்தில் மீகாங் ஆறு பெருகும்போது, ஏரியிலிருந்து வடியும் ஆறு திசை மாறி ஏரிக்குள் ஓடும். கோடையில் சுமார் 2,500 சதுர கிலோமீட்டர் இருக்கும் ஏரி, வெள்ளத்தில் ஐந்தாறு மடங்காக விரிந்து, கரையோரக் காட்டை மூழ்கடிக்கும். அந்த மரங்களின் நடுவே மீன்கள் மேய்ந்து கொழுக்கும். தண்ணீர் வடியும்போது அவையும் ஆற்றுக்குத் திரும்பும், வலைகள் காத்திருக்கும். ஏழைக்கும் அன்றாடம் சோற்றுக்கு மீன் உண்டு. மீகாங்கின் மேல்பகுதியில் சீனாவும் லாவோசும் கட்டியுள்ள அணைகளால் இந்த வெள்ளம் குறைந்துவிடுமோ என்பதே அவர்களுடைய கவலை.

அணையால் மீனின் வழி அடைபடுவதை நாம் கங்கையில் பார்த்தாகிவிட்டது. வங்காளிகள் உயிரை விடும் ஹில்சா மீன், ஒரு காலத்தில் கடலிலிருந்து முட்டையிட அலகாபாத் வரை ஏறி வந்தது. 1975-ல் பராக்கா அணை வந்த பிறகு பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் அந்த மீன்பிடிப்பு அநேகமாக அற்றுப்போயிற்று. ஆற்றங்கரை மீனவர்கள் பலர் படகை விட்டுக் கூலி வேலைக்குப் போனார்கள். உலகில் முதலிடம் என்ற பட்டியலில் அவர்கள் கணக்கு வருவதில்லை.