குழாய் நீரும் வீட்டு வடிகட்டியும்

சென்னையிலிருந்து புனேக்கு மாற்றலாகி வரும் நம்மவர் பலர், பாத்திரம் பண்டங்களோடு ஆர்.ஓ. எனப்படும் நீர் சுத்திகரிப்பு இயந்திரத்தையும் லாரியில் ஏற்றி வருகின்றனர். உப்புக் கரிக்கும் ஆழ்குழாய் நீரோடு மல்லாடிப் பழகிய நமக்கு அஃது இயல்பே. ஆனால் புனே நகரின் குழாயில் வருவது வேறு நீர். சஹ்யாத்ரி மலைச் சரிவில் பெய்யும் மழை பான்ஷேத், வரஸ்காவ், தேம்கர் அணைகளில் தேங்கிக் கடக்வாஸ்லா வழியே நகரை அடைகிறது. இதில் கரைந்துள்ள உப்பு குறைவு.

உப்பை நீக்குவதே அவ்வியந்திரத்தின் தனித் தொழில். அதற்காக உள்ளே புகும் நீரில் பெரும்பகுதியைச் சாக்கடைக்கு அனுப்பிவிடுகிறது. லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாகக் கரைபொருள் உள்ள நீருக்கு அதனைத் தடைசெய்ய வேண்டுமெனத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் மத்திய அரசைப் பணித்தது. நம் குடியிருப்பில் ஆழ்குழாய் நீரோ லாரி நீரோ கலக்குமாயின் கணக்கு வேறு. அப்போது நீரைச் சோதித்துப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும்.

புனேயில் நாம் அஞ்ச வேண்டியவை மழைக்காலக் கலங்கலும் கிருமியுமே. கலங்கலைத் தெளிவிக்க நம் பாட்டிமார் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையைத் தேய்த்தனர். ஆயினும் தெளிந்த நீரெல்லாம் தூய நீரன்று. 2025 ஜனவரியில் சிம்மகட் சாலையை ஒட்டிய நாந்தேட், கிர்கட்வாடி முதலிய இடங்களில் நரம்பைத் தாக்கும் கில்லான்-பாரே நோய் பரவிற்று. நோயாளர் பலரின் மலத்தில் காம்பைலோபாக்டர் என்னும் கிருமி காணப்பட்டது. குடிநீரின் மீது ஐயம் எழுந்தது. நீரைச் சுத்திகரித்து விற்று வந்த தனியார் நிலையங்கள் சிலவற்றையும் மாநகராட்சி மூடியது.

சுத்திகரித்த நீர் எவ்வாறு கெடுகிறது? மாநகராட்சி கலக்கும் குளோரின், கடைசி வீட்டுக் குழாய் வரை நீருக்குக் காவல். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமேனும் அங்கு எஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. வடிகட்டியிலுள்ள கரி குளோரின் வாடையைப் போக்குகிறது. வாடையோடு காவலும் போய்விடுகிறது. பிறகு அந்நீர் கழுவாத தொட்டியில் இரண்டு நாள் கிடந்தால், கிருமி பெருகத் தடை ஏது? ஆகவே வடித்த நீரை அன்றன்றே பருகித் தீர்ப்பதும், தொட்டியை வாரந்தோறும் கழுவுவதும் இயந்திரத்தின் விலையைக் காட்டிலும் முக்கியமானவை.

பீங்கான் குழல் வைத்த பழைய வடிகட்டி எளியது. மண்ணையும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவற்றையும் தடுக்கும். அவற்றினும் நுண்ணிய வைரஸ்களைத் தடுக்காது. குழலைச் சோப்பின்றி மென்மையான தூரிகையால் தேய்த்துக் கழுவுக. மயிரிழை விரிசல் கண்டாலும் மாற்றுக. புற ஊதா விளக்கு வைரஸ்களையும் அழிக்கும். ஆனால் கலங்கிய நீரில் மண்துகளின் நிழலிலே கிருமி தப்பிவிடும். ஆதலின் முதலில் வடிகட்டல், பின்னரே விளக்கு.

குழாய் உடைந்ததாகச் செய்தி வந்தாலோ, நீர் நிறம் மாறினாலோ, மின்சாரம் நின்றாலோ அடுப்பே துணை. முதலில் துணியில் வடித்து, தளதளவெனக் கொதி வந்தபின் ஒரு நிமிடம் விட்டு இறக்கி, மூடியபடியே ஆறவிடுக. ஆறிய நீரை மீண்டும் வடிகட்டியில் ஊற்ற வேண்டா.